கள்ளியை வெட்டுமுன் பாலைப் பாருங்கள்

பல ஆண்டுகளின் பின் வளவுக்குத் திரும்புவோரை வாசலிலேயே மறிப்பது முட்பற்றைதான். கண்ணிவெடி அகற்றியதாக அறிவிக்கப்படாத காணியென்றால் கிட்டவும் போகவேண்டாம். மற்றக் காணிகளில், பெயர் தெரியாத கள்ளியைக் கண்டால் முதலில் நீண்ட தடியில் கட்டிய கத்தியால் சிறிது கீறிப் பாருங்கள்.

பால் வராமல், தட்டையான மடல்களும் மஞ்சட் பூவும் இருந்தால் அது நாகதாளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. பெரிய முள்ளைவிட அதன் அடியிலுள்ள நுண்ணிய சுணையே பொல்லாதது. நிலத்தில் விழும் மடல் ஒவ்வொன்றும் வேர்விடும். வெட்டி வேலிக்கு வெளியே வீசுவது அயலவருக்குச் செய்யும் அநியாயம். கவட்டுத் தடியால் பொறுக்கி ஆழக் குழியில் புதையுங்கள். மழைக்குப் பின் மறுபடி தேடுங்கள்.

வெண்பால் வடிந்து, தண்டு விளிம்பு விளிம்பாக நிமிர்ந்திருந்தால் சதுரக்கள்ளி. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே கால் மணிநேரம் சுத்தமான தண்ணீரால் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாய்ப்பால் விடுவதெல்லாம் வீண் தாமதம்.

ஆனால் சதுரக்கள்ளி வரிசையாக நின்றால் வெட்டாதீர்கள். அது முன்னோர் நட்ட எல்லைவேலியாக இருக்கலாம். காணி உறுதியைத் தொலைத்தவர்கள் கிராம சேவையாளரை அழைத்து முதலில் அதைக் காட்டுங்கள்.