கறுப்புத் தாளில் கறுப்பு மை

மின்னஞ்சலைத் திறக்கிறீர்கள். அனுப்பியவர் பெயரும் தலைப்பும் தெரிகின்றன. உள்ளே வெறும் இருட்டு. ‘காலியாக வந்திருக்கிறது, மறுபடி அனுப்புங்கள்’ என்று பதில் போடுவதற்கு முன், கன்ட்ரோல் விசையோடு ‘ஏ’ விசையைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். தேர்வான பகுதிக்குப் பின்னால் வேறு நிறம் விழுந்ததும், முழுக் கடிதமும் எழுந்து வந்தால் நோய் இன்னதென்று புரிந்துவிடும்.

எச்டிஎம்எல் மின்னஞ்சலில் எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் தனித்தனிக் கட்டளைகள். அனுப்புகிறவர் இரண்டையும் சொல்லிவிட்டால் சிக்கலில்லை. இரண்டையும் விட்டுவிட்டாலும் சிக்கலில்லை. நம் மென்பொருளே ஒரு ஜோடியைப் போட்டுக்கொள்ளும். ஒன்றை மட்டும் சொன்னால்தான் வம்பு. மை அவர் வீட்டிலிருந்து வரும், தாள் நம் வீட்டுத் தாள்.

இப்படி அரைகுறையாக யாரும் வேண்டுமென்றே சொல்வதில்லை. வேர்டிலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஒட்டும்போது ‘எழுத்து கறுப்பு’ என்ற குறிப்பும் ஒட்டிக்கொண்டு வரக்கூடும். ஒட்டியவர் திரை வெள்ளை. அவருக்கு எதுவுமே தெரியாது. எல்லார் திரையும் வெள்ளையாக இருந்தவரை குறை வெளியே வரவில்லை. 2016இல் விண்டோஸ் 10இலும், 2018இல் மேக்கின் மொஹாவி பதிப்பிலும் இருண்ட தோற்றம் வந்தபின் குட்டு உடைந்தது.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை அளக்க ஒரு விகிதம் உண்டு. வெள்ளையில் கறுப்பு என்றால் 21. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கின்றன இணைய அணுகல் நெறிமுறைகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 30 என்ற அளவில் கலந்த அடர்சாம்பலில் கறுப்பு எழுத்தை வைத்தால் விகிதம் 1.3ஐக்கூடத் தொடாது. கண்ணாடியை மாற்றிப் பயனில்லை.

தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் இதற்கு மருந்து, அமைப்புகளின் பொதுப் பகுதியில் உள்ள ‘நிறங்கள்’ பொத்தான். கடிதம் சொல்லும் நிறங்களை ஒதுக்கிவிட்டு நம் நிறங்களையே எப்போதும் போடச் சொல்லலாம். ஆனால் ‘சிவப்பில் உள்ளதை மட்டும் திருத்தவும்’ என்று மேலதிகாரி எழுதியிருந்தால் அந்தச் சிவப்பும் போய்விடும். ஆகவே, அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது மட்டும் காட்சிப் பட்டியல் வழியாக வெற்று உரைக்கு மாறி, படித்ததும் பழையபடி திருப்பிவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

நேர்மாறான புகாரும் உண்டு: யார் அனுப்பினாலும் வண்ணமே தெரியவில்லை என்பார்கள். விண்டோஸில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், பிரின்ட் ஸ்கிரீன் மூன்றும் சேர்ந்து அழுந்தினால் உயர் மாறுபாட்டுத் தோற்றத்துக்கான கேள்வி வரும். படிக்காமல் ‘ஆம்’ என்றால் அதன்பின் கடிதத்தின் நிறங்கள் செல்லாது. அதே மூன்று விசைகளை மறுபடி அழுத்தினால் பழைய நிலை திரும்பும்.

அனுப்புகிறவர் ஒட்டும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், ‘வி’ மூன்றையும் அழுத்தினால் எழுத்து மட்டும் வரும், நிறம் வராது. கையொப்பத்தில் வைக்கும் சின்னம்தான் எதற்கும் வளையாது. பின்னணியில்லாத படத்தில் கறுப்பாக வரைந்த நிறுவனப் பெயர் எழுத்தல்ல, படம். எழுத்து நிறத்தை மாற்றும் எந்தக் கட்டளையும் அதைத் தொடாது.