உப்புக்கண்டம்: உலர்த்தும் முறையும் சமைக்கும் கருவிகளும்

உப்புக்கண்டம் என்பது ஆட்டிறைச்சியை மெல்லிய துண்டுகளாக அரிந்து, உப்பும் மஞ்சள்தூளும் சேர்த்துப் பிசறி, வெயிலில் காயவைத்துப் பாதுகாக்கும் உணவாகும். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரங்களில் இது நன்கு அறியப்பட்டது. குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன், ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாத இறைச்சியைப் பல வாரங்களுக்கு வைத்திருக்க உதவிய வீட்டு முறை இது. மேலை நாடுகளில் பன்றியிறைச்சியை உப்பிட்டுச் செய்யும் பேக்கனும் இதே தேவையில் பிறந்ததுதான். ஆனால் இரண்டையும் அடுப்பில் வைக்கும் முறை ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை அறியாமல் புதிய கருவிகளைப் பயன்படுத்தினால் உணவு கெடும். சில வேளைகளில் உடலும் கெடும்.

பெயர்

'கண்டம்' என்ற சொல்லுக்குத் துண்டு என்று பொருள். உப்பிட்ட இறைச்சித் துண்டு என்பதால் உப்புக்கண்டம் எனப்பட்டது. கொடியில் தொங்கவிட்டுக் காயவைப்பதால் சில ஊர்களில் இதைக் கொடிக்கறி என்றும் சொல்வர். மீனை உலர்த்தினால் கருவாடு. இறைச்சியை உலர்த்தினால் உப்புக்கண்டம். இரண்டுக்கும் அடிப்படை உப்பும் வெயிலுமே.

அன்னவாசல் வட்டாரமும் உப்புக்கண்டமும்

அன்னவாசல், புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. சமணக் குகை ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற சித்தன்னவாசல் இதன் அருகில் உள்ளது. பாறைக் குன்றுகளும் மானாவாரி நிலங்களும் நிறைந்த இப்பகுதியில் ஆடு வளர்ப்பு பரவலான தொழில். மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. பங்குனி தொடங்கி ஆனி வரை வெயில் கடுமையாக இருக்கும். ஆடும் வெயிலும் ஒருங்கே கிடைப்பது உப்புக்கண்டத்துக்கு ஏற்ற சூழல்.

ஒரே நாளில் நிறைய இறைச்சி வீட்டுக்கு வரும் நாள்களே உப்புக்கண்டம் போடும் நாள்கள். கோயில்களில் கிடா வெட்டும் விழாக்களை அடுத்து இதைச் செய்வர். இசுலாமியர் வீடுகளில் பக்ரீத் நாளில் குர்பானி கொடுத்த இறைச்சியில் ஒரு பகுதியை உப்புக்கண்டமாக்கும் வழக்கம் உண்டு. பக்ரீத் பிறைக் கணக்கைப் பின்பற்றுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வரும். அதனால் சில ஆண்டுகளில் கோடையிலும் சில ஆண்டுகளில் மழைக்காலத்திலும் இறைச்சியைக் காயவைக்க வேண்டியிருக்கும்.

செய்யும் முறை

தொடைக்கறி போன்ற கொழுப்புக் குறைந்த பகுதியே இதற்கு ஏற்றது. உப்பும் உலர்த்தலும் நுண்ணுயிர்களைத் தடுக்குமே தவிர, கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கெடுப்பதைத் தடுக்காது. எனவே கொழுப்பை முதலிலேயே அரிந்து நீக்கிவிடுவர்.

இறைச்சியை நாடா போல நீளமாகவும் மெலிதாகவும் அரிவர். துண்டு தடித்தால் வெளிப்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாகவே நின்றுவிடும். பின்னர் கல்லுப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசறி மண்சட்டியில் ஊறவைப்பர். உலோகப் பாத்திரத்தை உப்பு அரிக்கும் என்பதால் மண் அல்லது பீங்கான் பாத்திரமே நல்லது. உப்பின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். குழம்புக்குப் போடுவதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும்.

ஊறிய துண்டுகளைக் கோணி ஊசியால் சணல் கயிற்றில் கோத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வெயிலில் கட்டுவர். ஈ மொய்க்காமலும் தூசி படியாமலும் இருக்க மெல்லிய வெள்ளைத் துணியால் மூடுவர். பனி இறங்குவதற்கு முன் மாலையில் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். துண்டு விறைத்து, வளைத்தால் முறியும் நிலைக்கு வரும்வரை பல நாள் காயவைப்பர். காய்ந்தபின் ஈரமற்ற சாடியில் அடைத்து, அவ்வப்போது எடுத்து மீண்டும் வெயில் காட்டுவர்.

கெடாமல் இருப்பது எப்படி

கொழுப்பற்ற பச்சை இறைச்சியின் எடையில் ஏறத்தாழ 75 விழுக்காடு நீர். அதனால்தான் ஒரு கிலோ இறைச்சி காய்ந்தபின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. உப்பு முதலில் இறைச்சிக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. எஞ்சிய நீரையும் நுண்ணுயிர்களுக்குக் கிட்டாதபடி கட்டிவைக்கிறது. வெயிலும் காற்றும் மீதி வேலையைச் செய்கின்றன.

நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கக்கூடிய நீரை அறிவியலார் நீர்ச் செயற்பாடு என்ற அளவால் குறிக்கின்றனர். தூய நீருக்கு இது 1. இந்த அளவு 0.85க்குக் கீழே இறங்கினால் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பொதுவாகப் பெருக முடியாது. ஆனால் பூஞ்சைகளில் சில இதைவிடக் குறைந்த ஈரத்திலும் வளரும். நன்றாகக் காய்ந்த உப்புக்கண்டத்துக்கும் இடையிடையே வெயில் காட்டச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

வீட்டில் வறுக்கும் முறை

உப்புக்கண்டத்தைக் கழுவி, வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைக்க வேண்டும். இதனால் மிகுதியான உப்பு கரைந்து வெளியேறும். வறண்ட தசைநாரும் நீரை உறிஞ்சி இளகும். பிறகு அம்மியில் வைத்துத் தட்டியோ, உரலில் இடித்தோ நார்நாராகப் பிரிப்பர். இந்தப் படியைத் தவிர்த்தால் கறி மெல்ல முடியாதபடி கடினமாக இருக்கும்.

இரும்புச் சட்டியில் கடலெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் ஊற்றி, காய்ந்த மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, இடித்த கறியைப் போட்டு மிதமான தீயில் வதக்குவர். உப்பு சேர்ப்பதில்லை. பழைய சோறு, ரசம் சோறு, கஞ்சி ஆகியவற்றுக்கு இது தொடுகறி. கத்தரிக்காய், முருங்கைக்காய் போன்றவற்றோடு சேர்த்துக் குழம்பாகவும் வைப்பர். குழம்புக்குப் பிரஷர் குக்கரில் வேகவைத்தால் விரைவில் மென்மையாகும். ஊறவைத்த உப்பு நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றுவது நல்லது.

பேக்கனோடு ஒப்பீடு

பேக்கன் பெரும்பாலும் பன்றியின் வயிற்றுப் பகுதியில் இருந்து எடுக்கப்படுகிறது. அதில் கொழுப்பு மிகுதி. உப்போடு நைட்ரைட் உப்பும் சேர்த்துப் பதப்படுத்துவதும், புகை போடுவதும் வழக்கம். நைட்ரைட் இளஞ்சிவப்பு நிறத்தைத் தருவதோடு, பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் பாக்டீரியாவையும் தடுக்கிறது. கடையில் கிடைக்கும் பேக்கன் பெரும்பாலும் வேகாத, ஈரமுள்ள இறைச்சி. அதைக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

பேக்கனைச் சமைப்பதில் முதன்மையான வேலை, அதற்குள் இருக்கும் கொழுப்பை உருக்கி வெளியேற்றுவது. எனவே சூடேறாத சட்டியில் எண்ணெய் இல்லாமல் துண்டுகளைப் பரப்பி, சிறுதீயில் தொடங்குவர். தசைப்பகுதியும் கொழுப்புப் பகுதியும் ஒரே அளவில் சுருங்காததால் துண்டு சுருண்டுகொள்ளும். அதைத் தட்டையாக வைக்க மேலே இரும்பு எடை வைப்பதுண்டு. மின்னடுப்புப் பெட்டியில் 200 டிகிரி செல்சியஸ் அளவில் கம்பித்தட்டின்மேல் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் கொழுப்பு கீழ்த்தட்டில் சொட்டிவிடும். மைக்ரோவேவில் சமைக்கும்போது தாள்களுக்கு இடையே வைத்துக் கொழுப்பை உறிஞ்சவைப்பர். ஏர் ஃபிரையரில் சூடான காற்று சுழன்று மொறுமொறுப்பாக்கும். சொட்டிய கொழுப்பு தங்கினால் புகையும்.

இக்கருவிகள் யாவும் கொழுப்பையும் ஈரத்தையும் நீக்குவதற்கு ஏற்றவை. உப்புக்கண்டத்திலோ இரண்டுமே முன்பே நீங்கிவிட்டன. அதற்கு வேண்டியது நேர்மாறானது: முதலில் நீர், பிறகு எண்ணெய். ஊறவைக்காத உப்புக்கண்டத்தை அப்படியே ஏர் ஃபிரையரில் வைத்தால் அது விறகுபோல் இறுகும், எளிதில் கருகும். அக்கருவியைப் பயன்படுத்த விரும்பினால், ஊறவைத்து இடித்து எண்ணெய் பிசறியபின், குறைந்த சூட்டில் சில நிமிடம் மட்டும் வைக்கலாம்.

பாதுகாப்பும் உடல்நலமும்

உப்புக்கண்டத்தில் ஆபத்தான கட்டம் முதல் நாள்தான். ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பாக்டீரியாக்கள் பெருகும். நம் ஊர் வெயில் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கும். எனவே வெயில் இறைச்சியை உலர்த்துமே தவிர வேகவைக்காது. உப்பைத் தாங்கி வளரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா ஒருமுறை நஞ்சை உண்டாக்கிவிட்டால், பின்னர் கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. மேகமூட்டமான நாளில் தொடங்கி, இறைச்சி வாடையடித்தால், வறுத்துச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. பூஞ்சை பூத்ததையும் துடைத்துவிட்டு உண்ணக் கூடாது.

மின் உலர்த்திப் பெட்டி வைத்திருப்போர், இறைச்சியை முதலில் 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அதன்பின் 54 முதல் 60 டிகிரியில் உலர்த்துமாறு அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவுறுத்துகிறது.

உலக நலவாழ்வு அமைப்பு, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்புக்கண்டத்தைத் தவிர்ப்பது நல்லது. அவ்வமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. உப்பிட்டுப் பதப்படுத்தியவையும் அதன் வரையறைக்குள் வரும். எனவே பேக்கனானாலும் உப்புக்கண்டமானாலும் எப்போதாவது தொட்டுக்கொள்ளும் அளவே தகும்.

இன்றைய நிலை

விறகடுப்பு இருந்த காலத்தில், மழை பிடித்துக்கொண்டால் உப்புக்கண்டக் கொடியை அடுப்புக்கு மேலே கட்டுவர். சூடும் புகையும் ஈரத்தைப் போக்கின. எரிவாயு அடுப்பு வந்தபின் அந்த மாற்று வழி பல வீடுகளில் இல்லை. மாடிவீடுகளும் தெருத்தூசியும் பெருகியதால் காயவைக்கும் இடமும் குறைந்துவிட்டது. மிஞ்சிய இறைச்சி இப்போது உறைபெட்டிக்குப் போகிறது. உப்புக்கண்டம் கடைகளிலும் இணைய விற்பனையிலும் பொட்டலமாகக் கிடைக்கிறது.

வாங்குவோர் தயாரித்த நாளையும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். வளைத்தால் நசநசவென்று மடங்கும் துண்டு முழுதாகக் காயாதது. அதை வெளியில் வைக்காமல் உறைபெட்டியில் வைத்து விரைவில் பயன்படுத்திவிட வேண்டும். சிக்கு வாடை அடித்தால் கொழுப்பு கெட்டுவிட்டது என்று பொருள். அதை உண்ணாமல் கொட்டிவிடுவதே நல்லது.