ஒற்றைத் தலையிடியும் அக்குபங்சரும்: ஜேர்மானிய ஆய்வுகள் உணர்த்துவன

மைக்கிரேன் எனப்படும் ஒற்றைத் தலையிடி வெறும் தலைநோவன்று. சில மணித்தியாலங்கள் தொடக்கம் மூன்று நாள்வரை நீடிக்கவல்ல நரம்பியல் நோயாகும். ஒளியும் ஒலியும் பொறாது, குமட்டலோடு இருட்டறையில் முடங்கும் நோயாளிக்கு, அதன் வரவைக் குறைக்கும் எவ்வழியும் பெறுமதி வாய்ந்ததே. அக்குபங்சர் அத்தகைய வழியாகுமா என்பதே நாம் இங்கு நோக்கும் வினா.

உடலில் உயிராற்றல் ஓடும் தடங்கள் உள்ளன என்றும், அவற்றிலுள்ள குறித்த புள்ளிகளில் ஊசி ஏற்றுவதால் அவ்வோட்டம் சீராகும் என்றும் சீன மருத்துவ மரபு கூறும். அவ்வாறாயின் புள்ளி தவறுமிடத்துப் பயனும் தவறவேண்டும். 2005இல் வெளியான ஜேர்மானிய ஆய்வொன்று 302 நோயாளரைக் கொண்டு இதனைச் சோதித்தது. முறையான புள்ளிகளில் ஊசி பெற்றோருள் 51 வீதத்தினருக்குத் தலையிடி நாட்கள் பாதியளவேனும் குறைந்தன. புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி பெற்றோருள் இது 53 வீதம். சிகிச்சைக்காகக் காத்திருந்தோருள் 15 வீதம் மட்டுமே. பின்னர் 22 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2016ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பீடு, முறையான புள்ளிகளுக்குச் சிறிதளவு மேம்பாடு உண்டெனக் கண்டது. எனவே, நோயாளி பெற்ற நிவாரணம் மெய்யானது. அதற்கு மரபு தந்த விளக்கமோ இவற்றால் நிறுவப்பட்டதாகாது.

2006இல் வெளியான மற்றொரு பெரிய ஜேர்மானிய ஆய்வில், அக்குபங்சரும் நாள்தோறும் உட்கொள்ளும் தடுப்பு மருந்துகளும் ஏறத்தாழ ஒத்த பயனையே தந்தன. ஆயினும் அவ்வாண்டு, அந்நாட்டுப் பொதுக் காப்புறுதி முறைமை நாட்பட்ட இடுப்புவலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்வுக்கும் அக்குபங்சரை ஏற்று, தலையிடிக்கு மறுத்தது. வழமையான சிகிச்சையை அது விஞ்சவில்லை என்பதே காரணம்.

இக்காரணம் நிறைவானதன்று என்பது எம் கருத்து. மருந்துக்கு நிகரான பயன், மருந்தை ஏற்கவியலாதோருக்குப் பெரும் பயனாகும். ஆஸ்துமா நோயாளருக்குப் புரொப்பிரனலோல் ஒவ்வாது. கருவுற்ற பெண்களுக்குத் தொப்பிரமேற்று தகாது. பிரித்தானியாவின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டல் இதனை உணர்ந்து, இவ்விரு மருந்துகளும் பொருந்தாத அல்லது பயனளிக்காத நோயாளருக்கு ஐந்து முதல் எட்டு வாரங்களில் பத்து அமர்வுகள்வரை வழங்குவது பற்றிச் சிந்திக்கலாம் எனப் பரிந்துரைத்தது.

இங்கு நாம் பேசியது நோயின் வரவைக் குறைக்கும் தடுப்புச் சிகிச்சை பற்றியே. திடீரெனத் தாக்கும் கடுந்தலையிடிக்கு உடனடி வைத்தியப் பரிசோதனை இன்றியமையாதது. ஊசிகளும் கிருமி நீக்கப்பட்டு, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தப்படுவனவாக இருத்தல் வேண்டும்.

தொன்மையானது என்பதற்காக ஒரு விளக்கத்தை ஏற்பதும், விளக்கம் நிறுவப்படவில்லை என்பதற்காக நோயாளி கண்ட பயனை மறுப்பதும் விஞ்ஞான நோக்காகா.