ஆயுள் கூடினால் பயமும் கூடுமா?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது என் ஒன்பது வயசு மகள், "தாத்தா, எனக்குக் கிணத்துல நீச்சல் கத்துக் குடுங்க" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"அதெல்லாம் வேணாம்ப்பா, ஆழம் ஜாஸ்தி" என்றேன்.

அப்பாவுக்கு வயசு 76. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னை ஏழு வயசுல முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டேன். செத்தா போயிட்டே?"

நியாயமான கேள்விதான். ஆனால் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டது.

1947-ல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. இன்று 70-ஐ ஒட்டி. (அன்று எல்லாரும் 32-ல் மண்டையைப் போட்டார்கள் என்று அர்த்தமில்லை. குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி இறங்கிக் கிடந்தது.) இருப்பு கூடக்கூடப் பூட்டும் பெரிசாகத்தானே ஆகும்? பையில் பத்து ரூபாய் வைத்திருப்பவன் பஸ்ஸில் குறட்டை விடுவான்; பத்தாயிரம் வைத்திருப்பவன் கண் மூடமாட்டான்.

முதுமையையே ஒத்திப்போட முடியுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். நாளைக்கே முந்நூறு வருஷ ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாதி இல்லை, மூப்பு இல்லை, பாக்கி விபத்து ஒன்றுதான். மாடிப்படி இறங்கவே நாள் நட்சத்திரம் பார்ப்போம்!

ஆனால் என் கணக்கு ஓரிடத்தில் உதைக்கிறது. 2022-ல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1.68 லட்சம் பேர். அதில் நூற்றுக்கு 44 பேர் டூவீலரில் போனவர்கள். அறுபது வருஷ இருப்பு வைத்திருக்கும் பையன் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொண்டு பறக்கிறான். ரோட்டைக் கடக்கக் கால் மணி நேரம் நிற்பவர் தாத்தா!

பிரான்சில் ழான் கல்மான் என்றொரு பாட்டி. 1965-ல், அவருடைய 90-வது வயதில், ஒரு வக்கீல் ஒப்பந்தம் போட்டார்: பாட்டி இருக்கும்வரை மாசம் 2,500 பிராங்க் தருவது, காலத்துக்குப் பிறகு வீடு வக்கீலுக்கு. முப்பது வருஷம் கொடுத்தார். வீட்டின் மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டிவிட்டு, 1995-ல் வக்கீல் போய்ச் சேர்ந்தார்! பாட்டி 1997-ல், 122 வயதில் காலமானார். நூறு வயது வரை சைக்கிள் மிதித்தவர் என்பார்கள்.

ஆக, ஆயுளை ஃபிக்சட் டெபாசிட்டாக நினைத்துக் கணக்குப் போட்டவர்தான் ஏமாந்தார். யோசித்தால், ஹெல்மெட் இல்லாமல் போவதில் தலைமுடி கலையாமல் இருப்பதைத் தவிர ஒரு லாபமும் இல்லை. நீச்சல் அப்படியா? தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

"சரிப்பா, ஒரு கண்டிஷன். இனிமே மொபெட்ல ஹெல்மெட் போட்டுத்தான் போகணும்."

மறுநாள் காலை அப்பா கிணற்றடிக்கே ஹெல்மெட்டோடு வந்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா கிணற்றுப்படியில் நிற்க, கயிற்றின் ஒரு முனை அவள் இடுப்பில், மறு முனை என் கையில். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். காலை உதைத்து மிதந்தும்விட்டாள்.

மேலே வந்ததும் பார்த்தேன். என் உள்ளங்கைதான் சிராய்த்திருந்தது.