ஒரு புள்ளடி, இரண்டு தெரிவு: வாகரை வாக்காளர் அறிய வேண்டியவை

பிரதேச சபைத் தேர்தலின் வாக்குச்சீட்டில் எந்த வேட்பாளரின் பெயரும் இராது. கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் அவற்றின் சின்னங்களும் மட்டுமே இருக்கும். பாராளுமன்றத் தேர்தலைப் போல விருப்பு இலக்கம் இடவும் முடியாது, ஒரேயொரு புள்ளடிதான்.

2018 முதல் அந்தப் புள்ளடி இரண்டு வேலை செய்கிறது. உங்கள் வட்டாரத்தில் அந்தக் கட்சி நிறுத்தியவருக்கு அது வாக்கு. வாகரைக்குரிய கோறளைப்பற்று வடக்குப் பிரதேச சபையில் அந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்ற கணக்கிலும் அதுவே சேர்கிறது. ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்துக்கு, 40 வீதம் பட்டியலுக்கு. பட்டியல் ஆசனத்துக்கு யார் போவது என்பது கட்சிச் செயலாளரின் கையில். வட்டாரத்தில் நீங்கள் தோற்கடித்தவரே அந்த வழியால் உறுப்பினராகலாம்.

ஆகவே படலையடிக்கு வருபவரின் நல்ல குணத்தை மட்டும் பார்த்தால் போதாது. அவரது கட்சிப் பட்டியலில் யார் யார் என்று கேளுங்கள். அதில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் ஊர் வேலையில் நின்றவர்களா, எண்ணிக்கைக்குச் சேர்த்தவர்களா என்று விசாரியுங்கள். எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் ஆசனம் கிடைக்காவிட்டால் உறுப்பினர்களே வாக்களித்துத் தவிசாளரைத் தெரிவுசெய்வார்கள். அப்போது யாரோடு சேர்வீர்கள் என்பதற்கும் முன்கூட்டியே பதில் வாங்குங்கள்.

வாக்குறுதியையும் அளந்து பார்க்க வேண்டும். உள்வீதி, வடிகால், தெருவிளக்கு, சந்தை, மயானம், நூலகம், குப்பை அகற்றல், கட்டட அனுமதி ஆகியவை சபையின் வேலை. யானை வேலி வனஜீவராசிகள் திணைக்களத்தினுடையது. பாடசாலைக்கு ஆசிரியர் தருவதும் சபையல்ல. முடியாததைத் தருவதாகச் சொல்பவர், முடிந்ததைச் செய்வார் என்று நம்புவது கடினம்.

இல்மனைட் அகழ்வையும் இறால் பண்ணையையும் எதிர்த்து வாகரை மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். சில நாடுகளில் இப்படிப்பட்ட கேள்வியை ஊராரின் வாக்குக்கே விடுவார்கள். இலங்கையில் அப்படி உள்ளூர் வாக்கெடுப்பு இல்லை. நாடளாவிய சர்வஜன வாக்கெடுப்பும் 1982 டிசம்பர் 22இல் ஒரு முறைதான் நடந்தது. அகழ்வு உரிமம் மத்திய அரசின் சுரங்கப் பணியகத்தின் அதிகாரம். ஆனாலும் சபை தீர்மானம் நிறைவேற்றலாம், ஆட்சேபிக்கலாம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வரும் 30 நாளில் எழுத்தில் கருத்து அனுப்பலாம். இதில் உங்கள் வேட்பாளர் எந்தப் பக்கம் என்பதைப் பலர் முன்னால் சொல்ல வையுங்கள். எனக்கு இதுவே முதற் கேள்வி.

வாக்குக்காக உலருணவுப் பொதியோ பணமோ சாராயமோ கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். கிராம உத்தியோகத்தருக்குப் பயந்தோ, வீட்டுத்திட்டம் போய்விடும் என்ற மிரட்டலுக்கு அஞ்சியோ வாக்களிக்க வேண்டாம், சீட்டு இரகசியமானது. முறைப்பாட்டை மட்டக்களப்பு மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலோ பொலிஸிலோ கொடுக்கலாம். வாக்காளர் அட்டை வந்து சேராவிட்டாலும் இடாப்பில் பெயரும் கையில் செல்லுபடியான அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம்.

2023இல் பணமில்லை என்று இந்தத் தேர்தல் தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், 2025 மே 6இல்தான் வாக்குப்பதிவு நடந்தது. தேர்தல் முடிந்தாலும் கேட்கும் உரிமை முடிவதில்லை. உங்கள் வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், கொந்தராத்து யாருக்குப் போனது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.