பழைய அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டுக்கு எந்தப் பெட்ரோல்? - ஈயம் போனது சிக்கலா, எத்தனால் வந்தது சிக்கலா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டி சுமார் 50 கி.மீ. போனால் கடப்பாக்கம். ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்புகிற ஊர். இந்தச் சாலையில் ஒரு பழைய அம்பாசிடரோ பத்மினியோ கண்ணில் பட்டால், செல்போனை எடுத்து போட்டோ பிடிக்காதவர்கள் குறைவு. வண்டி வைத்திருப்பவரின் கவலையோ வேறு. “ஈயம் கலந்த பெட்ரோலுக்குன்னு செஞ்ச இன்ஜினாச்சே, இப்போ பங்க்கில் கிடைக்கிறதை ஊத்தலாமா?”

ஊத்தலாம். ஆனால், உண்மையில் பயப்பட வேண்டியது எதற்கு என்பதில்தான் குழப்பம் இருக்கிறது.

ஈயம் செய்த இரண்டு வேலைகள்

1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸுக்காக ஆய்வு செய்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தால் இன்ஜின் ‘நாக்கிங்’ அடிப்பது நிற்கிறது என்று கண்டார். ஆக்டேனைக் கூட்டுவதற்கு மலிவான வழி அது. கூடவே இன்னொரு பயனும் கிடைத்தது. எரிந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வும் அதன் சீட்டும் சேரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து மெத்தை மாதிரி வேலை செய்தது. அது இல்லாவிட்டால், கொதிக்கிற சூட்டில் வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் சீட்டின் இரும்பு துளித்துளியாகப் பிய்ந்து, வால்வு உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

ஈயத்தின் விலையைக் குழந்தைகளின் மூளை கொடுத்தது. அதனால்தான் உலகமே அதைக் கைவிட்டது; கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. இந்தியாவில் 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க அதுதான்.

அப்படியென்றால், இன்று ஓடுகிற பழைய கார்கள் 25 ஆண்டுகளுக்கு மேலாக ஈயமில்லாமலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன! வால்வு சீட் தேய்வது நீண்ட நேரம் அதிக வேகத்தில், அதிக பாரத்தோடு ஓட்டும்போதுதான். ஊருக்குள் 50, 60-ல் போகிற வண்டிக்கு அது பெரிய தொல்லை இல்லை. ஈசிஆரில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு 90-ல் விரட்டினால் கதை வேறு.

வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை தயாரித்த ஹெரால்டு, பழைய 1,489 சிசி அம்பாசிடர் போன்றவற்றில் சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பு. அவற்றில் டேப்பட் இடைவெளி அடிக்கடி தானாகக் குறைந்தால், சீட் தேய்கிறது என்று அர்த்தம். ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கெட்டியான சீட் வளையம் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அலுமினிய ஹெட் உள்ள ஃபியட்டில் தனி சீட் வளையம் ஏற்கெனவே இருப்பதால் அந்தளவு கவலை இல்லை.

புது வில்லன்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது இ20. அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஆக்டேனைக் கூட்டும் என்பதால் நாக்கிங் பயம் கிடையாது. இந்தக் கார்கள் குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்கே வடிவமைக்கப்பட்டவை. ஆகவே, ‘பிரீமியம்’ என்று கூடுதல் காசு கொடுத்து 95 ஆக்டேன் ஊற்றுவதால் இன்ஜினுக்கு லாபம் ஏதுமில்லை.

சிக்கல் ரப்பரில் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், ஏசி பம்ப்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் எத்தனால் பட்டால் ஊறி, பிறகு வெடித்துக் கசியும். பெட்ரோல் சொட்டுவது கொதிக்கிற எக்ஸாஸ்ட் பக்கம் என்றால் வண்டியே தீப்பிடிக்கலாம். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹோஸ் மாற்ற ஆகும் செலவு சொற்பம். வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் ஹோஸா என்று கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவையும் மெலிகிறது. புது கார்களில் சென்சார் அதைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது திணறினால், மெக்கானிக்கிடம் சொல்லி ஜெட்டை ஒரு சைஸ் கூட்டலாம். மைலேஜ் கொஞ்சம் இறங்கும். அதற்கு மருந்து இல்லை.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடப்பாக்கம் மாதிரி உப்புக்காற்று வீசும் ஊரில், அரை டேங்க்கோடு மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காரில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, இரும்பு டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். மாதம் இருமுறையாவது ஓட்டுகிறவர்கள் டேங்க்கை நிறைத்து வைப்பது நல்லது. அதற்கும் மேல் நிறுத்துவதாக இருந்தால் வடித்துவிடலாம்.

எத்தனாலே வேண்டாம் என்பவர்கள் 100 ஆக்டேன் பெட்ரோலைத் தேடுகிறார்கள். எத்தனால் கலக்காதது என்று சொல்லித்தான் பலரும் அதை வாங்குகிறார்கள். விலை மிக அதிகம், எல்லா பங்க்கிலும் கிடைப்பதும் இல்லை. சந்தேகம் இருந்தால் சோதிக்கலாம்: திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில், அளவுக் குடுவையில் 10 மி.லி. தண்ணீரும் 100 மி.லி. பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வைக்க வேண்டும். அடியில் நிற்கும் தண்ணீர் 10-ஐத் தாண்டி மேலே ஏறினால் எத்தனால் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை, வண்டியை நீண்ட நாள் நிறுத்தும் முன் கடைசியாக நிரப்புவதற்கு இந்தப் பெட்ரோல் சரிவரும். தினமும் ஊற்றக் கட்டுப்படியாகாது.