தண்டனை முடிந்து வந்தவருக்கும் ரேஷன் உண்டு

கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையிலிருந்து விடுதலையாகி, சிதம்பரம் பஸ் ஏறி வீடு வந்து சேர்பவருக்கு மறுநாளே சோற்றுக் கவலை. "ஜெயிலுக்குப் போனவனுக்கு ரேஷன் கிடையாதாமே" என்று யாரோ சொல்கிறார்கள். கூனிக் குறுகி, கடைப் பக்கம் போவதையே அவர் விட்டுவிடுகிறார்.

அந்தப் பேச்சு பொய். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றவரை ஒதுக்கும் பிரிவு கிடையாது. கொலை வழக்கோ கஞ்சா வழக்கோ, எதுவும் குடும்ப அட்டைக்குத் தடையாகாது. அமெரிக்காவில் 1996இல் அப்படி ஒரு சட்டமே போட்டார்கள். போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு உணவு உதவியும் பண உதவியும் ஆயுளுக்கும் இல்லை என்றது அது. பெரும்பாலான மாநிலங்கள் பிறகு அதைத் தளர்த்திவிட்டன. நம்மிடம் சட்டம் இல்லை, பயம் மட்டும் இருக்கிறது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விடுதலைக்குப் பின்னும் ஆறு ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. அந்தத் தடையை அரிசிக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள்.

உண்மையான சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. உள்ளே இருந்த காலத்தில் அட்டையிலிருந்து பெயர் நீங்கியிருக்கலாம். முன்னுரிமை அட்டையிலும் அந்த்யோதயா அட்டையிலும் உள்ள ஒவ்வொருவரும் கைரேகை வைத்து ஆதாரை உறுதிப்படுத்தச் சொன்னபோது, சிறையில் இருந்தவர் எப்படி வந்து வைப்பார்? ஆதாரில் கொடுத்த போன் நம்பரும் செத்துப்போயிருக்கும். ஓடிபி வராமல் ஆன்லைன் விண்ணப்பம் பலவும் நகராது.

ஆகவே முதல் வேலை, ஆதார் மையத்தில் போன் நம்பரை மாற்றுவது. அடுத்தது, இ-சேவை மையத்தில் பெயர் சேர்க்க மனு. அம்மாவின் அட்டையில் பெயர் இருந்தால் அங்கே நீக்கிவிட்டுத்தான் மனைவியின் அட்டையில் சேர்க்க முடியும். மனு எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். இழுத்தடித்தால் வட்ட வழங்கல் அலுவலகம் போங்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் ரேஷன் குறைதீர் முகாம் நடப்பது வழக்கம். 1967 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். அதற்கு மேல் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரும் மாநில உணவு ஆணையமும் இருக்கிறார்கள்.

கணவர் சிறையில் இருப்பதால் மகளிர் உரிமைத் தொகை கிடைக்காது என்று நினைக்கும் பெண்களும் உண்டு. 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1000 ரூபாயாகத் தொடங்கிய அந்தத் திட்டம் பார்த்தது வருமானம், நிலம், மின்சாரப் பயன்பாடு, கார், அரசு வேலை போன்றவற்றை. கணவர் மீதுள்ள வழக்கு அந்தப் பட்டியலில் இல்லை. மனு தள்ளுபடியானால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி வைத்திருந்தார்கள்.

சட்ட உதவிக்கு 15100. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு, வருமானத்தைக் கேட்கமாட்டார்கள். வெளியே வந்த பிறகு, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் போன்ற சிலர் தவிர மற்றவர்களிடம் வருமான வரம்பு பார்ப்பார்கள். அதனால் விடுதலைத் தேதி தெரிந்ததுமே, உள்ளே இருக்கும்போதே, அட்டை விஷயத்தையும் ஆதாரையும் அந்த வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.